மிராசுவின் ஐந்து அடையாளங்கள்

ஏப்ரல் 4, காலை 6.20
கோரோ காப்பிடம், மத்திய ஆப்பிரிக்கா

காவலன், தானியங்கிப் பதிவு: வேலி நலம். கூட்டம் வடக்கு மேட்டில். மருத்துவர் வஞ்சிக்கொடி நிலையத்தில், நலம்.

மேலே இருப்பது இயந்திரம் எழுதியது. இனி வருவது நான். காலையில் அது முதலில் எழுதும், பிறகு நான் கைக்கருவியில் வாயால் சொல்லச் சொல்ல இதே பதிவில் ஏறும். காவலனைத் தமிழில் பேசும்படி மாற்றிவைத்ததும் நான்தான். ஆள் அரவமே இல்லாத இடத்தில் ஒரு வார்த்தையாவது நம் பாஷையில் காதில் விழட்டுமே என்று.

இதை யார் படிக்கப்போகிறீர்களோ தெரியாது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியே மாட்டுக் கொள்ளைநோய். செருப்பு மண்ணில்கூட ஒட்டிக்கொண்டு வருகிறது என்று காவலர்களை எல்லாம் அனுப்பிவிட்டார்கள். ஒரு மருத்துவர் போதும் என்றார்கள், அந்த ஒருத்தி நான். ஊர் காங்கேயம். வேலிக்குள்ளே ராட்சத ஈலண்ட் என்னும் பெரிய மான் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஏழு பசுக்கள், சில பெண் கன்றுகள், ஒரே ஒரு வளர்ந்த காளை. அவன் பெயர் மிராசு. தாடை தொடங்கித் தொங்கும் அலைதாடியை ஆட்டிக்கொண்டு, குத்தகை வசூலிக்க வந்தவன் மாதிரி நடப்பான், அதனால் வைத்த பெயர். இந்த இனத்தில் இனப்பெருக்கத்துக்கு மிஞ்சிய காளை வேறெங்கும் இல்லை. அவன் போனால் இனி கன்று கிடையாது.

வேலிக்குள் நுழையும் வேறு எந்தக் குளம்புள்ள பிராணியையும் காவலனின் ட்ரோன்கள் ஊசி போட்டுக் கொன்றுவிடும். நோய் வரக்கூடாதே. எது நம்முடையது, எது வெளியே இருந்து வந்தது என்பதற்கு ஐந்து அடையாளம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். முறுக்கிய கொம்பில் ஏறும் வரப்பு, விலாவில் வெள்ளைக் கோடுகள், தாடையிலிருந்தே தொடங்கும் அலைதாடி, அகன்ற காது, கறுத்த கழுத்தின் அடியில் வெள்ளைப் பட்டை. ஐந்தில் மூன்று தெரிந்தால் விட்டுவிடும். சாதாரண ஈலண்டுக்கு அலைதாடி தொண்டையில்தான் தொடங்கும், காது சிறிது, கோடும் மங்கல். அது மூன்றை எட்டாது.

மனிதர்களுக்கு அடையாளம் வேறு. கையில் கட்டும் வில்லை. வில்லை இருந்தால் நண்பர், இல்லாவிட்டால் கள்ள வேட்டைக்காரர், மூன்று எச்சரிக்கைக்குப் பிறகு அவருக்கும் அதே ஊசி. முகத்தையும் குரலையும் அது நம்பாது, ஏனென்றால் முன்பு ஒரு கும்பல் காவலர் ஒருவரின் முகம் போலவே முகமூடி போட்டுக்கொண்டு, அவர் குரலிலேயே பேசி உள்ளே வந்திருக்கிறது. போன மாதம் நான் வில்லையை நாற்காலியில் கழற்றிப் போட்டுவிட்டுத் துண்டோடு வாசலுக்கு வந்தேன். "அடையாளமற்ற நபரே, முதல் எச்சரிக்கை" என்றது. விழுந்தடித்து உள்ளே ஓடினேன். அன்றைய பதிவில் "மருத்துவர் நாற்காலியில், நலம்" என்று எழுதியிருந்தது. ஒரு வாரம் சிரித்தேன்.


ஏப்ரல் 9, மாலை 4.45

காவலன்: வேலி நலம். மருத்துவர் சிகிச்சைத் தொழுவத்தில், நலம்.

மிராசுவுக்குத் திமிர் ஏறிவிட்டது. சீமாட்டி என்ற பசு பருவத்துக்கு வரப்போகிறாள், அந்த வாசனை அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. டோக்கா மரத்தின் கிளையைக் கொம்பால் முறுக்கி உடைப்பது இவர்கள் வழக்கம், இலை தின்ன. இவன் தின்னவில்லை, சும்மா சீமாட்டிக்குக் காட்டுவதற்காக உடைத்தான். இடது கொம்பின் வரப்பு பிளந்து சிலாம்பு கிளம்பிவிட்டது. உள்ளே ஈ முட்டை.

குட்டியில் தாயைச் சிங்கம் அடித்தபிறகு காவலர்கள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன் இவன். வலது காதின் பாதியும் அன்றைக்கே போனதுதான். அதனால் மனிதரைக் கண்டால் ஓடமாட்டான். உப்பைக் காட்டித் தொழுவத்துக்குள் கூட்டிவந்து, லேசாக மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்தேன்.

பிறகு செய்ததுதான் எனக்கே சிரிப்பு. பிளந்த வரப்பை அரத்தால் தேய்த்தேன். தேய்த்த இடம் வழவழவென்று வந்தது. கை நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் கொம்பு சீவாத காளையைச் சந்தைக்குக் கொண்டுபோனால் ஊரே கேலி பேசும். மான் என்று சொல்கிறோமே தவிர, இதற்குக் கொம்பு உதிராது, எலும்புக்கு மேல் உறை போட்ட மாட்டுக்கொம்புதான். கண்ணாடிச் சில்லை எடுத்து அடியிலிருந்து நுனிவரை சீவினேன். ஒன்றை மட்டும் சீவினால் கோணலாக இருக்குமே என்று வலது கொம்பையும் சீவினேன். வரப்பே இல்லை. வேப்பெண்ணெய் தடவினேன், ஈ அண்டாது.

எழுந்து நின்றான். அடடா, என்ன அழகு! முழங்கால் டக் டக்கென்று சொடுக்கப் போனான். இந்தக் காளைகளுக்கு நடக்கும்போது முழங்கால் சத்தம் போடும், பெரிய காளைக்குப் பெரிய சத்தம். தூரத்துப் புதருக்குள் போனபிறகும் கேட்டுக்கொண்டிருந்தது.


ஏப்ரல் 12, பகல் 1.10

காவலன்: கூட்டத்தில் அன்னியப் பிராணி ஒன்று. வகை: வளர்ப்பு மாடு. நோய் அபாயம். அகற்றம் தொடங்குகிறது.

ஓடிக்கொண்டே சொல்கிறேன். நேற்று முதல் மழை. எரித்துவிட்ட புல்வெளி எல்லாம் கரிச்சேறு. மிராசு அதில் புரண்டிருக்கிறான். பருவத்தில் காளைகள் இப்படித்தான் பூசிக்கொள்ளும். கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. இரண்டு காதும் முழுசாக இருந்தால்தான் கணக்கு, அது ஏற்கெனவே இல்லை. மிச்சம் அலைதாடியும் கழுத்தும். இரண்டு.

மூன்றாவது கொம்பு. நான் சீவிப்போட்ட கொம்பு.


ஏப்ரல் 12, பகல் 1.40

உயிரோடு இருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது ட்ரோன் அவன் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் அவன் விலாவோடு ஒட்டிக்கொண்டேன். வில்லை கட்டிய மனிதர் முப்பது மீட்டருக்குள் இருந்தால் காவலன் ஊசி போடாது. அந்த ஒரு விதி யாருடைய புண்ணியமோ.

"மருத்துவரே, விலகி நில்லுங்கள். அருகில் அகற்ற வேண்டிய மாடு உள்ளது" என்கிறது.

"மாடு இல்லடா அது, மிராசு!" என்று கத்தினேன். என்னிடம் மறுபடியும் அதையே மரியாதையாகச் சொன்னது. அழுகை வந்துவிட்டது. கோபத்தில்தான், வேறொன்றுமில்லை.


ஏப்ரல் 12, மாலை 5.30

கைக்கருவியின் வானொலியில் ஜெபசிங் கிடைத்தார். தலைநகரத்தில் காவலனைப் பராமரிக்கும் பொறியாளர், தூத்துக்குடிக்காரர். அவர் பேசியதை அப்படியே சேர்க்கிறேன்.

"ஏ டாக்டரம்மா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய! அது ஒருக்க மாடுன்னு முடிவு கட்டிட்டுன்னா பெறவு நம்ம சொல்லுக்கு மாறாது. மாத்தணும்னா காப்பிட இயக்குநர் கைரேகையோட மாத்துச் சில்லை அங்கன நிலையத்துல வந்து சொருகணும். ஏற்கெனவே கோபுரத்துல இடி விழுந்து கெடக்கு, இங்க இருந்து ஒண்ணும் அனுப்ப முடியாது."

"அணைச்சுப் போடுங்க ஜெபசிங். ரண்டு நாளைக்கு அணைச்சாப் போதுமுங்க."

"அணைக்கதுக்கும் அதே சில்லுதான். அணைச்சா வேலியும் சேர்ந்து அணையும், பாத்துக்கிடுங்க. நோய் மாடு உள்ள வந்துட்டுன்னா மொத்தக் கூட்டமும் போயிரும்லா. சில்லை எடுத்துட்டு நானே வாறேம். ஆத்துல தண்ணி ஏறிட்டு, வண்டி இறங்க முடியல. பத்துப் பன்னெண்டு நாள் ஆவும்."

"பத்து நாளா? இந்தக் கழுதை ஒரு எடத்துல நிக்காதுங்களே!"

"நீங்க நில்லுங்க. அது போற எடத்துல போய் நில்லுங்க. வேற வழி தெரியலம்மா."

வேறு வில்லையும் இல்லை. போகும்போது காவலர்களிடம் எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். என் கையில் இருப்பது ஒன்றுதான். தொழுவத்தில் அடைக்கலாம் என்றால் அதற்குக் கூரை கிடையாது, ட்ரோன் மேலேயிருந்து இறங்கிவிடும், கூரை இருந்தாலும் சீமாட்டியை விட்டு இவன் வரமாட்டான். ஆகவே நடக்கிறேன்.


ஏப்ரல் 14, காலை 7.00, நடையில்

காவலன்: மருத்துவர் கூட்டத்துடன், நலம். அகற்றம் நிலுவையில்.

நிலுவையில் என்ற வார்த்தையைப் பார்த்தாலே அவனோடு இன்னும் ஒட்டி நடக்கிறேன். ட்ரோன் ஒன்று எப்போதும் மேலே நிற்கிறது. நான் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தால் அது கொஞ்சம் கீழே இறங்குகிறது.

இந்த இனம் நிற்கவே நிற்காது என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். காலால் படிப்பது இப்போதுதான். இரண்டு மரம் தின்பார்கள், நகர்வார்கள். மறுபடி இரண்டு மரம். பையில் அவல், வெல்லம், உப்பு, மருந்துப் பெட்டி. அவர்கள் படுத்து அசைபோடும்போது நானும் மிராசுவின் முதுகில் சாய்ந்து கண்ணை மூடுகிறேன். எழுந்து நடந்தால் முழங்கால் சொடுக்கும் சத்தம் என்னை எழுப்பிவிடும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் முதல் நாளே அவனைத் தொலைத்திருப்பேன்.


ஏப்ரல் 16, பகல் 11.15

ஓடையில் இறங்கினான். விட்டேனா பார் என்று சட்டையைக் கழற்றி நனைத்து அவன் விலாவைத் தேய்த்தேன். கரிச்சேறு கரைந்து கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பளீரென்று பன்னிரண்டு வெள்ளைக் கோடு. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான், ஏதோ நான் கூலிக்கு வந்தவள் மாதிரி.

மேலே பார்த்துக் கத்தினேன்: "எண்ணிப் பாருடா! கோடு தெரியுதா இல்லியா?"

காவலன் சொன்னதைப் பதிவுக்காகச் சேர்க்கிறேன்: "கோடுகள் பன்னிரண்டு. அலைதாடி தாடையிலிருந்து. கழுத்துப் பட்டை உள்ளது. மூன்று அடையாளங்கள் பொருந்துகின்றன. வகை: வளர்ப்பு மாடு."

"பொருந்துதுன்னு நீயே சொல்றியே!"

"வகை முன்பே முடிவாகிவிட்டது, மருத்துவரே."

கரையேறியதும் அவன் மறுபடி சேற்றில் புரண்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன்.


ஏப்ரல் 18, மாலை 3.50

சேர்ந்துவிட்டார்கள். மிராசுவும் சீமாட்டியும்.

முன்னங்காலைத் தூக்கும்போது என்னை இடித்துத் தள்ளிவிட்டான், முழங்கை தோலுரிந்தது. போகட்டும். ஒன்பது மாதம் கழித்து ஒரு கன்று. ஆனால் அது கடாரியாகவே பிறந்தால்? பிறந்தது காளையாகவே இருந்தாலும் பருவத்துக்கு வர நாலைந்து வருஷம். இன்னும் ஆறு பசு பாக்கி இருக்கிறது. ஒரு கன்றை நம்பி ஓர் இனத்தை விட முடியாது. இவன் இன்னும் பல வருஷம் நடமாடவேண்டும்.

ஜெபசிங் மூன்று நாளாகப் பேசவில்லை. வானொலியில் இரைச்சல்தான். கால் கொப்புளம் உடைந்து காலுறை ஒட்டிக்கொள்கிறது. அவல் தீரப்போகிறது. நேற்று நின்றபடியே தூங்கி விழுந்தேன், எழுந்து பார்த்தால் அவன் கிட்டத்தட்ட முப்பது மீட்டர் தள்ளி இருக்கிறான், ட்ரோன் இறங்கிவிட்டது. ஓடினேன். இப்படி இன்னொரு தடவை நடந்தால் தாங்காது.

எனக்கு அவன் மேல் கோபம், காவலன் மேல் கோபம், இருப்பதிலேயே என் கை மேல்தான் அதிகம். சும்மா இருக்கத் தெரியாத கை.


ஏப்ரல் 20, காலை 9.05

எறும்புத்தின்னி வளைக்குள் கால் போய்விட்டது. கணுக்காலில் சத்தம் கேட்டது. முறிவுதான், எனக்குத் தெரியாதா.

கூட்டம் கிழக்கே பார்க்கிறது. மழை வாசனை அந்தப் பக்கம். மிராசு பக்கத்து மரத்தில் கடைசி இலைகளைப் பறித்துக்கொண்டிருக்கிறான். அது முடிந்ததும் நடப்பான். முப்பது மீட்டர் என்ன, என்னால் மூன்று மீட்டர் நடக்க முடியாது.


ஏப்ரல் 20, காலை 9.20

நாற்காலி. நாற்காலி நலம் என்று எழுதியதே.

அதற்கு வில்லை இருந்தால் போதும். யார் கட்டியிருக்கிறார்கள் என்று அது பார்ப்பதே இல்லை.

உப்பு இருக்கிறது. மருந்துப் பெட்டியில் கன்றுகளுக்குக் காது குத்தும் இடுக்கி இருக்கிறது.


ஏப்ரல் 20, காலை 9.50

செய்துவிட்டேன். இருந்த உப்பு மொத்தத்தையும் உள்ளங்கையில் கொட்டி "வா சாமி, வா" என்று கூப்பிட்டேன். வந்தான். நாக்கு சொரசொரவென்று கையை நக்கிக்கொண்டிருக்கும்போதே என் கையிலிருந்து கழற்றிய வில்லையை அவன் நல்ல காதில் வைத்து அழுத்தினேன். ஒரு உதறு உதறினான், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் எத்தனை மாட்டுக்குக் காதுவில்லை போட்டிருக்கிறேன், கை பழகியது. இந்தத் தடவை கை சரியான வேலை செய்தது.

மேலே நின்ற ட்ரோன் அவன் பக்கம் திரும்பியது. பிறகு, "காலை வணக்கம், மருத்துவரே. அன்னியப் பிராணி காணவில்லை. அகற்றம் கைவிடப்பட்டது" என்றது. அவனைப் பார்த்துச் சொன்னது.

நான் மரத்தடிப் புதருக்குள் புகுந்துகொண்டேன், இப்போது வில்லை இல்லாத ஆள் நான். நிலையம் நான்கு கிலோமீட்டர். அவன் போய்விட்டான். டக் டக் சத்தம் குறைந்துகொண்டே போகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்வதற்கு வெட்கமில்லை. ஊசியில் இருக்கும் மருந்து தொள்ளாயிரம் கிலோ உடம்புக்கு அளந்தது, மனிதருக்கு அதில் ஒரு சொட்டு போதும், மூச்சு நின்றுவிடும். மாற்று மருந்து நிலையத்தில் இருக்கிறது. உச்சி வெயிலில் ட்ரோன்கள் சூடு தணிய இறங்கும். அப்போது தவழ்ந்து பார்க்கிறேன். ஜெபசிங், இதைப் படித்தீர்களானால் முதலில் அவன் பெயரை மாட்டுப் பட்டியலிலிருந்து எடுங்கள். அதன்பிறகு வில்லையைக் கழற்றுங்கள். முறை மாற்றிச் செய்துவிடாதீர்கள், தயவுசெய்து.

மேலே சத்தம். புதருக்கு நேர் மேலே. பேசிப் பார்க்கிறேன்.


ஏப்ரல் 20, காலை 10.15

காவலன், தானியங்கிப் பதிவு: அடையாளமற்ற நபர் ஒருவர், புதருக்கடியில். ஆயுதம் தெரியவில்லை.

முதல் எச்சரிக்கை அளிக்கப்பட்டது. பதில்: "நாந்தாண்டா, வஞ்சிக்கொடி. தெனமும் எம்பேர எழுதறயே."

சரிபார்ப்பு: மருத்துவர் வஞ்சிக்கொடி கூட்டத்துடன் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறார். கூற்று பொய்.

இரண்டாம் எச்சரிக்கை அளிக்கப்பட்டது. பதில்: "சரி. அந்த டாக்டர் நல்லா இருக்காங்களா?"

தகவல் அளிக்கப்பட்டது: மருத்துவர் நலம்.

மூன்றாம் எச்சரிக்கை அளிக்கப்பட்டது. பதில்: "அப்பச் சரி. பாத்துக்கோ."

நடவடிக்கை முடிந்தது.


ஏப்ரல் 21, காலை 6.20

காவலன், தானியங்கிப் பதிவு: வேலி நலம். கூட்டம் கிழக்குச் சரிவில். மருத்துவர் வஞ்சிக்கொடி கூட்டத்துடன், நலம். இரண்டாவது பசு அவர் அருகில்.


ஏப்ரல் 25, காலை 8.00

காவலன், தானியங்கிப் பதிவு: வேலி நலம். ஆறு வடிந்தது. வாயிலில் வண்டி ஒன்று, பொறியாளர் ஜெபசிங், வில்லை சரி. மருத்துவரை அழைக்கச் சொன்னார்.

மருத்துவர் கூட்டத்துடன் இருக்கிறார், நலம். பெயர் சொல்லி மூன்று முறை அழைக்கப்பட்டார். மருத்துவரிடமிருந்து கேட்ட ஒலி: டக், டக், டக்.